யார் செய்தது என்று நடுவர் கேட்டார்

எனக்கு எழுபது முடிந்து எழுபத்தொன்று நடக்கிறது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது என் கொழுந்தனார் மகள். தாயில்லாப் பிள்ளை என்று கொண்டுவந்து விட்டார்கள், வளர்த்தேன். நால்வரும் இன்றைக்கு அவரவர் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். இவர்களை வளர்த்துக்கொண்டே, கோவையில் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் லேப் அட்டெண்டராக வேலை பார்த்து, முழு சர்வீஸும் முடித்து வெளியே வந்தேன். ஆயா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். மாராத்தாள் என்று பெயர் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மாராக்கா.

படித்தது ஐந்தாவது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், சீசாவில் ஒட்டியிருக்கிற பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் எழுதினால் கை வலிக்கும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். பேச்சை எழுத்துக்கு மாற்றுவது அவள் வேலை. என்ன சொல்வது என்பது என் வேலை.

என்னைச் சொல்ல வைத்தது கௌசல்யா, இப்போது என் இடத்தில் வேலை பார்க்கிற பெண். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். "அக்கா, இப்பெல்லாம் சயின்ஸ் போட்டி, கணக்குப் போட்டி எல்லாம் கம்ப்யூட்டர் ரூமுலயே முடிஞ்சுபோகுதுங்க. செஞ்ச மாடலைக்கூட போன்ல படம் புடிச்சு அனுப்பிச்சாப் போதும். நீங்க அப்பெல்லாம் புள்ளைககூட ஊர் ஊராப் போவீங்களாமா? போயி என்னங்க பண்ணுவீங்க?" என்றாள். பள்ளி மலரில் போடலாம் என்றும் சொன்னாள். சும்மா நின்றுகொண்டிருப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஒருவகையில் அது உண்மையும்கூட.

வேலைக்கு வந்த கதை பெரிதில்லை. வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். பள்ளியில் ஆள் கேட்டார்கள், போனேன். முதலில் வராந்தா பெருக்கினேன், பிறகு லேப்பில் சீசா கழுவினேன். கழுவக் கழுவ எது எங்கே இருக்க வேண்டும் என்று பிடிபட்டது. என் காலத்தில் அந்த லேப்பில் ஒரு பிள்ளைக்கும் ஆசிட் பட்டதில்லை.

லேப் அப்போது ராஜம் டீச்சர் பொறுப்பில் இருந்தது. இயற்பியல் டீச்சர், சத்தியமங்கலத்துக்காரர். குரல் ஏறாது, கை ஓங்காது. கோபம் எவ்வளவு என்பதை அவர் போடுகிற 'ங்க'வை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண நாளில் ஆறாம் வகுப்புப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்பார். கோபம் வந்தால், "ஏனுங்க, சித்தெ இங்க வாங்க, இந்தத் தராசை இப்படிக் கவுத்திப்போட்டுப் போனவங்க யாருங்க, சொல்லுங்க" என்று அடுக்குவார். அவ்வளவு மரியாதை வந்துவிட்டால் லேப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக அவரிடம் ஒரு முறை இருந்தது. தயிர்சாதம் கூடாது, தூக்கம் வரும், எலுமிச்சை சாதம்தான். புதுச் செருப்பு கூடாது. கண்ணாடிச் சாமானைப் பழைய நூல் சேலையில் சுற்றி, வைக்கோல் பரப்பிய பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டி என் மடியில்தான் வரும். பஸ் கூரைமேல் ஏறாது. ஊட்டியில் போட்டி என்றால் ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு எலுமிச்சம்பழம், மலைப்பாதை முடிகிற வரைக்கும் முகர்ந்துகொண்டே வர. அப்படியும் ஒரு பிள்ளை என் மடிப் பெட்டி மேலேயே வாந்தி எடுத்துவைத்தாள். அந்த வருடம் கணக்குப் போட்டியில் அவள்தான் முதல்.

போட்டி நடக்கிற இடத்தில் நான் மேசைக்குப் பின்னால் சுவரை ஒட்டி நிற்பேன். கூட வந்தவர்கள் வாய் திறந்தால் பிள்ளைக்கு மார்க் போய்விடும் என்பது சட்டம். தண்ணீர் கேட்டால் கொடுக்கலாம். தலைகூட ஆட்டக் கூடாது என்பது டீச்சர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது.

ஒருமுறை ஒரு கல்லூரியில் அறிவியல் வினாடி வினா. மேசைக்கு மேசை மணி வைத்திருந்தார்கள். யார் முதலில் அடிக்கிறார்களோ அவர்களுக்கு வாய்ப்பு. எங்கள் பிள்ளைகள் இருவரும் கெட்டிக்காரிகள். கடைசிவரை ஒரு மணிகூட அடிக்கவில்லை. கேள்வி வரும்போதெல்லாம் அவர்கள் உதடு அசைவது நான் நின்ற மூலைக்குத் தெரிந்தது. பக்கத்து மேசைப் பையன்களோ கேள்வி பாதியில் இருக்கும்போதே தட்டித் தள்ளினார்கள். வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

"பதில் தெரியலைங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"தெரிஞ்சுதுங்க டீச்சர்."

"அப்பறம் ஏனுங்க அடிக்கலை?"

"அந்த சார் பேசிட்டே இருந்தாருங்க. பெரியவங்க பேசி முடிக்கறதுக்குள்ள எப்படிங்க அடிக்கறது?"

இன்னொருத்தி, "அந்தப் பசங்க மொதல்லயே கை வெச்சுட்டாங்க. நாமளும் போட்டிக்கு அடிச்சா நல்லாருக்காதுங்க" என்றாள்.

டீச்சர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சிரித்தாரா என்று தெரியாது. மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு தட்டுமணியை வாங்கிவந்து லேப் மேசையில் வைத்தார். இனி யாருக்கு என்ன வேண்டுமானாலும் இதைத் தட்டித்தான் கேட்க வேண்டும். அதுவும் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்ட வேண்டும். பேசி முடித்தபின் தட்டினால் கிடையாது. சில நாட்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்காமலே வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி தட்டிவிட்டு, "மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்று அழுதாள். பிறகு பழகிவிட்டது. மாதக் கடைசியில் அந்த மணிச் சத்தத்தில் எனக்குத்தான் தலைவலி. அடுத்த போட்டியில் கோப்பை வந்தது. நான் இருந்த வரைக்கும் அதைத் துடைத்து வைத்தேன்.

மணியை வைத்து மாற்ற முடிந்தது இது. மாற்ற முடியாத ஒன்று சுகந்தி விஷயத்தில் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்னால்.

சுகந்தி அப்போது பத்தாம் வகுப்பு. அப்பா ரங்கசாமி லேத் பட்டறை வைத்திருந்தார். கருமத்தம்பட்டித் தறிக்காரர்களுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுப்பார், தோட்டத்துக்காரர்களுக்கு மோட்டார் சாமான் சரிசெய்து கொடுப்பார். கையில் வேலை உள்ள மனிதர் என்று ஊரில் பேர். பெண் சாயங்காலம் பட்டறையில்தான் உட்கார்ந்து படிப்பாள்.

எங்கள் பக்கம் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு தொல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். போர்க் கிணற்றில் தண்ணீர் தீர்ந்துபோனால் மோட்டார் சும்மா ஓடிச் சூடேறி, உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி புகைந்துவிடும். அதற்குச் சுகந்தி ஒன்று செய்தாள். பைப்பிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு டப்பா. அடியில் சின்ன ஓட்டை. டப்பா, தராசுத் தட்டு மாதிரி, ஒரு கம்பி முனையில் தொங்குகிறது. மோட்டாரைக் கிளப்ப முதலில் கையால் ஒரு குடம் ஊற்றிவிட வேண்டும். தண்ணீர் விழுகிற வரைக்கும் டப்பா நிறைந்தே இருக்கும். கனத்தில் கம்பி கீழே இழுத்துக்கொண்டு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும். தண்ணீர் நின்றுபோனால் டப்பா ஓட்டை வழியாக ஒழுகிக் காலியாகும், கம்பி மேலே ஏறும், மோட்டார் நின்றுவிடும்.

பார்த்தால் விளையாட்டுச் சாமான் போல் இருக்கும். கஷ்டம் வேறு இடத்தில். போர்த் தண்ணீர் விட்டு விட்டு வரும். கொஞ்சம் இடைவெளி விட்டதற்கெல்லாம் மோட்டார் நின்றால் உபயோகம் இல்லை. அதனால் டப்பா மெதுவாக ஒழுக வேண்டும். ஓட்டையைச் சின்னதாக்கினால் எங்கள் உப்புத் தண்ணீரில் ஒரே வாரத்தில் அடைத்துவிடும். ரங்கசாமி உயரமான பெயிண்ட் டப்பா வைத்துப் பார்த்தார். தண்ணீர் விறுவிறுவென்று போய்விட்டது. பெண், முறுக்கு டப்பா மாதிரி அகலமான ஒன்றை வைக்கச் சொன்னாள். அதே அளவு தண்ணீர், அதே ஓட்டை, நிதானமாக ஒழுகியது. ரங்கசாமி தகட்டை வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார்.

பள்ளி அளவில் முதல் பரிசு. அடுத்தது மாவட்டக் கண்காட்சி. அதில் தேறினால் மாநிலப் போட்டி. அதற்குச் சில நாள் முன்னால் ரங்கசாமி லேப்புக்கு வந்தார். நான் அப்போது தராசு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. இதுல செலக்ட் ஆனா பதினொண்ணுல கணக்கு, சயின்ஸ்னு அவ கேக்கறதுலயே சேத்தறேன். ஆகலைன்னா காமர்ஸ் படிச்சுட்டு என்ற பட்டறைக் கணக்கு வழக்கைப் பாக்கட்டும். எனக்கும் ஒரு ஆள் வேணுமுங்க."

"போட்டி வேறங்க, படிப்பு வேறங்க" என்றார் டீச்சர்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. நாலு பேர் பாத்து நல்லாருக்குன்னு சொன்னாத்தான் சாமானை வெளியில குடுப்பேன். புள்ளைக்கும் அதேதான்."

சுகந்தி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி நகரத்தில் ஒரு பெரிய பள்ளியில் நடந்தது. மாடலை ரங்கசாமி தன் டெம்போவிலேயே கொண்டுவந்தார். கூடவே சின்னச்சாமி என்று ஒரு தோட்டத்துக்காரர். இரண்டு முறை மோட்டார் எரியக் கொடுத்தவர். ரங்கசாமி ஒரு புதுச் சாமான் செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தன் கிணற்றுக்கும் ஒன்று வேண்டும் என்று பார்க்க வந்தார். ரங்கசாமி அவரிடம் எப்படிச் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர்கள் இருவரும் மைதானத்தில் டெம்போ பக்கம் நின்றார்கள். டீச்சர் மற்றப் பிள்ளைகளின் மேசைக்குப் போயிருந்தார். நான் சுகந்திக்குப் பின்னால், சுவரோடு.

நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர், வெளியூர்க்காரர். சாந்தமான மனிதர். குனிந்து பார்த்தார். மீன்தொட்டி மோட்டாரையும், அது ஓடுவது தெரிய ஒரு சின்ன விளக்கையும் வைத்துச் சுகந்தி ஓட்டிக் காட்டினாள். தண்ணீரை நிறுத்தினாள், டப்பா மெல்ல மேலே வந்தது, விளக்கு அணைந்தது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. இது யார் செஞ்சது?"

"எங்க அப்பாங்க."

"அப்பா உதவி பண்ணினாரா?"

"இல்லீங்க. அப்பா பட்டறையில ஆனதுங்க. அப்பா செஞ்சதுங்க."

அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பொய் என்று படும். எங்கள் பக்கம் அப்படி இல்லை. ஒரு பட்டறையில் ஆனது பட்டறைக்காரர் பேரில்தான் போகும். ஒரு வீட்டில் ஆனது வீட்டுப் பெரியவர் பேரில்தான் போகும். கல்யாணமான புதிதில் நான் சுட்ட முறுக்கை "எங்க அத்தை சுட்டதுங்க" என்று சொல்லித்தான் வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு வைத்திருக்கிறேன். அப்பாவை வைத்துக்கொண்டு நான் செய்தேன் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால், வளர்ப்பு சரியில்லை என்பார்கள். சுகந்திக்கு வளர்ப்பு சரியாக இருந்தது. அதுதான் அன்றைக்கு வினை.

டீச்சர் வந்ததும் காதோடு சொன்னேன். அவர் சுகந்தியைத் திட்டவில்லை. நேராக மைதானத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"ஏனுங்க ரங்கசாமி, இந்தச் சாமானை யாருங்க செஞ்சது?"

"ஏனுங்க டீச்சர், இதென்ன கேள்வி? நம்ம பட்டறைதானுங்களே."

"உங்க பொண்ணும் அதையேதானுங்க சொல்லியிருக்காங்க. அப்பா செஞ்சதை மகள் கொண்டாந்து வெச்சா அது போட்டியில சேராதுங்க. பேரை அடிச்சிருப்பாங்க. நீங்க சொன்ன காமர்ஸ்லயே சேத்திக்கலாமுங்க."

இத்தனை 'ங்க'வை நான் டீச்சர் வாயில் அதற்கு முன் கேட்டதில்லை. ரங்கசாமி முகம் இருண்டது. பக்கத்தில் சின்னச்சாமி பல் குத்திக்கொண்டிருந்த குச்சியை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

டீச்சர் பொறுப்பாளரிடம் போய், குழந்தை தவறாகச் சொல்லிவிட்டது, இன்னொருமுறை கேட்க வேண்டும் என்று கேட்டார். அவர்கள் யோசித்தார்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் பேராசிரியரே, "சரி, கேட்போம்" என்று எழுந்து வந்தார். ரங்கசாமியும் சின்னச்சாமியும் மேசைக்கு எதிரில் வந்து நின்றார்கள்.

"இப்ப சொல்லும்மா. இது நீ செஞ்சதா?"

சுகந்தி அப்பாவைப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அவர் இன்னொருமுறை கேட்டார். அப்போதும் திறக்கவில்லை. அப்பா முன்னால் நிற்கும்போது எப்படித் திறப்பாள்? இவரை ஏன் உள்ளே விட்டோம் என்று இருந்தது எனக்கு.

பேராசிரியர் ரங்கசாமி பக்கம் திரும்பினார். "நீங்கதான் அப்பாவா? இதுல ஒண்ணு எனக்குப் புரியலை. ஏன் இவ்வளவு அகலமான டப்பா? உயரமா வெச்சா இடம் மிச்சமாகுமே?"

ரங்கசாமி கை மீசைக்குப் போனது, திரும்ப வந்தது.

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றார். "நான் உசரமாத்தானுங்க வெச்சேன். இவதான் மாத்தச் சொன்னா. எதுக்குன்னு நான் கேக்கலைங்க."

சின்னச்சாமி விட்டுவிடுகிற ஆள் இல்லை. "ஏனப்பா ரங்கசாமி, நீயாக் கண்டுபுடிச்சேன்னு டீக்கடையில அந்தப் போடு போட்டே? பத்தாவது படிக்கற புள்ளைகிட்ட வேலைக்கு இருக்கறயா?" என்றார். பக்கத்து மேசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இருக்கறேனுங்கண்ணா" என்றார் ரங்கசாமி. "தகடு வெட்டுனது, பத்த வெச்சது நானு. ரோசனை அவளுது. கேளுங்க, அவ சொல்லுவா. சொல்லு அம்மணி."

அதற்குப் பிறகுதான் சுகந்தி பேசினாள். பேச ஆரம்பித்தால் பட்டறைக்காரப் பிள்ளை அல்லவா, லேத் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. கூடம் முழுக்கக் கேட்டது. "உசரமா இருந்தா மேல இருக்கற தண்ணி ஓட்டையைப் போட்டு அழுத்துதுங்க. அழுத்துனா வேகமாப் போயிருதுங்க. அதே தண்ணியைப் பரப்பி வெச்சா அழுத்தம் கம்மிங்க. ஏழு டப்பா மாத்திப் பாத்தனுங்க."

"அதே தண்ணியைப் பாதி உயரத்துக்குப் பரப்பி வெச்சா ரெண்டு பங்கு நேரம் தாங்குமா?" என்று அவர் கேட்டார்.

"இல்லீங்க, அதைவிடக் கம்மியாத்தானுங்க தாங்குது. எவ்வளவு கம்மின்னு சொல்லத் தெரியலைங்க. பாத்துப் பாத்துதான் வெச்சேன்."

"அதுக்குக் கணக்கு இருக்கு. மேல்வகுப்புல வரும்" என்று சொல்லி அவர் சிரித்தார். அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். சுகந்திக்குப் பாராட்டுச் சான்றிதழ். மாநிலப் போட்டிக்கு வேறு பள்ளி போனது. முதலில் சொன்னதை நடுவர்கள் ஒரேயடியாக மறந்துவிட முடியாது என்று பொறுப்பாளர் டீச்சரிடம் சொன்னார். டீச்சர், "சரிங்க" என்றார். ஒரே ஒரு 'ங்க'.

டீச்சர் மற்றப் பிள்ளைகளோடு பஸ்ஸில் போனார். சுகந்தியோடு நான் டெம்போவில் ஏறினேன். பெண்பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்பது முறை, அப்பா இருந்தாலும். முன்னால் டிரைவர். பின்னால் நாங்கள் நான்கு பேரும் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தோம், நடுவில் டப்பா. தேறவில்லை, காமர்ஸ்தான். அதை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். ரங்கசாமி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சின்னச்சாமிதான் ஆரம்பித்தார். ரங்கசாமியைத் தாண்டி நேரே அவளிடம் கேட்டார். "ஏம் அம்மணி, எங்க கெணத்துக்கு எத்தனை அகலத்துல வெக்கோணும்?"

சுகந்தி நிமிர்ந்தாள். "பைப்பு ஒண்ணரை இஞ்சுங்களா, ரெண்டுங்களா?"

"ரெண்டு."

"தண்ணி எத்தனை நேரத்துக்கு ஒருக்கா நின்னு வருதுங்க?"

"அதை யாரு பாத்தா?"

"பாத்துச் சொல்லுங்க. சொன்னாலும் நாலஞ்சு டப்பா மாத்திப் பாத்துத்தானுங்க வெக்க முடியும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் அப்படித்தானுங்க. அந்த சார் சொன்ன கணக்குத் தெரிஞ்சாப் பாக்காமயே சொல்லிப்போடலாம்."

ரங்கசாமி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "அந்தக் கணக்கு எந்த குரூப்புல வருது?"

"கணக்கு, சயின்ஸ் குரூப்புலதானுங்கப்பா."

"காமர்ஸுல வராதா?"

"வராதுங்கப்பா."

"அப்ப அதுலயே சேந்துக்க. தோட்டத்துக்கு அஞ்சு டப்பா வெட்டிட்டிருந்தா எனக்குக் கட்டுபடி ஆகாது."

அவ்வளவுதான் பேச்சு. பெண்ணை மெச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. சின்னச்சாமி திரும்பவும் குச்சியை வாயில் வைத்துக்கொண்டார்.

ஜூன் மாதம் சுகந்தி பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையாக என் லேப்புக்குள் வந்தாள். முதல் பிராக்டிகல் வகுப்பிலேயே ஒரு பியூரெட், நீளமான கண்ணாடிக் குழாய், கீழே விழுந்து நொறுங்கியது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். கெமிஸ்ட்ரி டீச்சர் புதியவர், கத்தக்கூடியவர். யார் உடைத்தது என்று கத்தினார். யார் கை பட்டு விழுந்தது என்று எனக்குத் தெரியும், துடைப்பத்தோடு நின்றேன்.

"நானுங்க" என்றாள் சுகந்தி. கூடம் முழுக்கக் கேட்கிற அதே தொண்டையில். "நான்தானுங்க டீச்சர் செஞ்சேன்."

இவ்வளவு போதும். கண்ணு, பேனாவை வெச்சுட்டு முதல்லிருந்து படி. மெதுவாப் படி, எனக்கு அவசரமில்லை. அந்தப் புள்ள பேசற எடம் வந்தா மட்டும் சத்தமாப் படி.